தன் லிகிதரோடு வந்த விருந்தாளி

விசிறிக்கு நேர் கீழே வீற்றிருந்தும் வேர்வை வழிய, வேண்டாத விவாதம் ஒன்றுக்குத் தலைமை தாங்கும் விதி வந்ததே என்று விழித்துக்கொண்டிருக்கும் எங்கள் சிப்பித்துறைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர், பெருமதிப்புக்குரிய பேதுரு அண்ணை அவர்களே! பூசை முடிந்த களைப்போடும் பொறுமை குன்றாத புன்னகையோடும் அருகிலே அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை றெனால்ட் சுவாமி அவர்களே! சோளகக் காற்று எப்போது திரும்பும், வாடைக் காற்று எப்போது வீழும் என்று தோலாலே அறிந்து சொல்லும் பெரியோர்களே! கருவாட்டுப் பாயிலே தாங்கள் காய்ந்து, வீட்டு அடுப்பைக் காயவிடாமல் காத்த தாய்மார்களே! கிழிந்த வலை பொத்தும் கைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்த ஓய்வையும் எனக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே! உள்ளே வந்தால் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று ஒதுங்கி, வெளி மதிலில் குந்தியிருந்து கழுத்தை மட்டும் நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பு அயலவர்களே! அனைவரையும் செபமாலையின் மகள் மாக்கிறட் சிரம் தாழ்த்தி, கரம் கூப்பி வணங்குகிறேன்.

மதிலில் இருப்பவர்களுக்குத் தனியாக இன்னுமொரு வணக்கம். பயப்படாதையுங்கோ, ஒலிபெருக்கிக்குள்ளால ஒண்டும் தொத்தாது. உள்ளுக்குக் கதிரை கிடக்கு, வாங்கோ. வரமாட்டீர்களா? சரி, வெயில் ஏறினால் வருவீர்கள்.

இன்று ஞாயிறு. கடலுக்குப் போகாத நாள். வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டிய உங்களை இந்த மண்டபத்தில் இருத்தி வைத்திருப்பது ஒரே ஒரு விடயம். இறங்குதுறைக்கு அருகேயுள்ள பழைய ஐஸ் அறையை மாக்கிறட்டிடம் விட்டுவைப்பதா, திருப்பி எடுப்பதா? நான் பேசி முடித்ததும் தலைவர் கேட்பார், நீங்கள் கை உயர்த்துவீர்கள். கை உயர்த்துவது உங்கள் உரிமை. அதற்கு முன் காது கொடுங்கள் என்று கேட்பது என் உரிமை. பேதுரு அண்ணை, மணிக்கூட்டைப் பாக்காதையுங்கோ, நான் இன்னும் தொடங்கவே இல்லை.

என்னைப் பற்றி என்னென்ன சொல்லவில்லை இந்த ஊரிலே? ஐஸ் அறைக்குள் வைரஸ் வளர்க்கிறாள் என்றார்கள். உண்மை. போத்தலில் அடைத்து வைத்திருக்கிறாள் என்றார்கள். அதுவும் உண்மை. சாதாரண வைரஸ் அல்ல, ராட்சத வைரஸ் என்றார்கள். ஓம், அதுவும் உண்மைதான். இருட்டினால் அது யன்னலால் இறங்கி வந்து இறங்குதுறையில் உலாவுகிறது என்றார்கள். அங்கேதான் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டுக் கன காலம்.

ஆனால் உங்கள் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். வைரஸ் என்ற அந்த ஒற்றைச் சொல் இந்தக் கரைக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாதா? வள்ளம் இறக்காதே என்றார்கள், இறக்கவில்லை. வாசல் கடக்காதே என்றார்கள், கடக்கவில்லை. பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் மணலில் புதைத்தோம். செத்தவரின் நெற்றியிலே ஒரு முத்தம் கொடுக்க விடவில்லையே, அதை எந்தத் தாய் மறப்பாள்? பாம்பென்றால் படையும் நடுங்கும். அப்படியிருக்க, போன மாதம் உப்புக்குளத்திலிருந்து மீன் ஏற்ற வந்த லொறிக்கார நௌஷாட் தம்பி இறங்குதுறையில் நின்று கேட்டான்: “அக்கா, உங்கட ஊரில வைரஸ் வளக்கிறீங்களாமே? கொழும்பில கேள்விப்பட்டா என்ர மீனை இறக்க விடுவாங்களோ?” அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவனுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கேள்விதான் ஊர் முழுக்க நடந்து, வாசலுக்கு வாசல் வளர்ந்து, இன்று கூட்டமாகக் கூடி நிற்கிறது.

ஆகவே முதலில், அங்கே நான் வைத்திருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இறங்குதுறையில் நாம் மீன் கழுவுகிறோம். கழுவிய தண்ணீர் பக்கத்துக் கழிவு வாய்க்காலில், அந்தக் கானில் ஓடுகிறது. அந்தக் கானிலே ஒரு பற்றீரியா வாழ்கிறது. வெள்ளென ஐஸ் போடாத மீனை வழுவழுக்க வைத்து, மணக்க வைத்து, நாய்க்கும் ஆகாமற் செய்வது அதுதான். மனிதரைப் பிடிக்கும் வைரஸ் இருப்பதுபோல, அந்தப் பற்றீரியாவைப் பிடிக்கவும் ஒரு வைரஸ் இருக்கிறது. அது மனிதரைத் தொடாது. ஆட்டைத் தொடாது. மீனைத் தொடாது. பக்கத்தில் நிற்கும் வேறு இனப் பற்றீரியாவைக்கூடத் தொடாது. நான் அதைப் பிளேனில் கொண்டு வரவும் இல்லை. நீங்கள் வெறுங்காலோடு நடக்கிற அந்தக் கானிலே, என் அப்பா வள்ளம் இழுத்த காலத்திலும் அது இருந்திருக்கும். இந்த ஊரின் ஆதிக்குடிகளில் அதுவும் ஒன்று. என்ன, வாக்காளர் இடாப்பிலே பெயர் இல்லை, அவ்வளவுதான்.

அது என் கைக்கு வந்த கதை பெரிய கதை. நோர்வேயின் கடற்கரை நகரம் ஒன்றிலே, ஆய்வுகூடம் ஒன்றிலே, வருடக்கணக்காக வேலை செய்தவள் நான். அம்மா படுக்கையில் விழுந்ததும் வந்தேன். அம்மா கண்மூடிய பின்பும் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சுவாமி ஒருமுறை கேட்டார். எனக்குக் கதைக்க ஆட்கள் வேண்டும் சுவாமி என்றேன். அப்போது ஐஸ் அறை வெறுமனே கிடந்தது. கேட்டேன், சங்கம் மனமுவந்து தந்தது. அந்த நன்றியை நான் எந்த மேடையிலும் மறுக்கமாட்டேன்.

உதவிக்கு ஒருத்தி வந்தாள். றஞ்சிதா. என்னோடு ஒரே நாளிலே முதல் நன்மை எடுத்தவள். பேசாலை வாடிகளிலே கருவாடு போட்டவள், வலையிலே பட்ட மீனைத் தெரிந்து எடுத்தவள். வைரஸ் தேடுகிறவர்கள் உலகம் முழுவதும் ஒரே முறையில்தான் தேடுவார்கள். மிக மிக நுண்ணிய ஓட்டைகள் உள்ள ஒரு வடியாலே தண்ணீரை வடிப்பார்கள். பற்றீரியா பெரிது, வடியில் தங்கிவிடும். வைரஸ் சிறிது, தண்ணீரோடு கீழே போய்விடும். கீழே போன தண்ணீரை எடுத்து வைப்பார்கள், வடியைக் குப்பையில் போடுவார்கள். புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. நானும் றஞ்சிதாவுக்கு அப்படித்தான் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், வடியை நல்ல தண்ணீரில் அலசி, அந்த அலசலைப் போத்தலிலே பத்திரமாக மூடி வைத்துவிட்டு, வடிந்த தண்ணீர் முழுவதையும் கானிலே ஊற்றிவிட்டு நிற்கிறாள்.

“என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?” என்று கத்தினேன்.

“ஏன், வலையில பட்டதைத்தானே எடுக்கிறது? வலைக்குள்ளால போனது கடல்தானே. கடலை ஆரும் வீட்டை கொண்டு போவினமே?” என்றாள்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? இந்தப் பிழையை நோர்வேக்காரன் விடமாட்டான். கொழும்பிலே படித்தவன் விடமாட்டான். வீட்டிலே மா அரிக்கிற பெண்கூட விடமாட்டாள், ஏனென்றால் அவளுக்கு அரிதட்டின் கீழே விழுவதுதான் மா, மேலே நிற்பது வெறும் கப்பி. ஆனால் வலையோடு வளர்ந்தவளுக்கு மேலே நிற்பதுதான் மீன், கீழே போவது வெறும் கடல். இது நம்மைப் போன்ற கரைக்காரர்களால் மட்டுமே விடக்கூடிய பிழை.

மறுபடி கானுக்குப் போய்த் தண்ணீர் அள்ள உடம்பு வளையவில்லை, எனக்குப் பஞ்சியாக இருந்தது. அந்தப் பஞ்சிக்கு நான் கும்பிடு போட வேண்டும். கோபத்தோடே அவளுடைய அலசலுக்குள் மருந்து விட்டுப் பற்றீரியாக்களைக் கொன்றேன். மிச்சத்தை எடுத்துப் பற்றீரியா படர்ந்த தட்டொன்றில் விட்டு வைத்தேன். அடுத்த நாள் பார்க்கிறேன், அந்தப் படலத்திலே குண்டூசி குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஏதோ ஒன்று பற்றீரியாவைத் தின்றிருக்கிறது. வடியின் ஓட்டைக்குள் நுழைய முடியாத அளவு பெருத்த ஏதோ ஒன்று. சாதாரண வைரஸ் தன்னுள்ளே கொண்டுவரும் மரபுப் புத்தகத்திலே ஐம்பது பக்கம் என்றால், இதன் புத்தகத்திலே முந்நூறு பக்கம். எத்தனை நாடுகளிலே, எத்தனை அறிஞர்கள், எத்தனை காலம் இந்த ராட்சதனை வடியோடு சேர்த்துக் குப்பையில் எறிந்திருப்பார்கள்? எங்கள் றஞ்சிதா எறியவில்லை.

பெருத்தது என்பதற்காக நான் அதன்மேல் ஆசை வைக்கவில்லை. அது தன்னோடு கொண்டுவந்த ஒரு சாமானுக்காக ஆசை வைத்தேன். அதைச் சொல்கிறேன், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

உயிருள்ள ஒவ்வொன்றின் உள்ளேயும் எழுதுவதற்கு ஒரு கந்தோர் இருக்கிறது, சமைப்பதற்கு ஒரு குசினி இருக்கிறது. கந்தோரிலே ஒரு பெரிய புத்தகம். அதுதான் டி.என்.ஏ. என்ன சமைக்க வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலே உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போக முடியாது. ஆகவே ஒரு லிகிதர் இருந்து, வேண்டிய பக்கத்தை ஒரு துண்டிலே பிரதி எடுத்துக் குசினிக்கு அனுப்புகிறார். அந்தத் துண்டுதான் ஆர்.என்.ஏ. அந்த லிகிதர்தான் ஆர்.என்.ஏ.யை ஆக்குகிற நொதியம். குசினி அந்தத் துண்டை வாசித்துச் சமைக்கிறது, உடம்பு நடக்கிறது. லிகிதர் லீவு போட்டால் அரசாங்கக் கச்சேரியிலே நமது அலுவல்தான் நிற்கும். இந்த லிகிதர் லீவு போட்டால் உயிரே நின்றுவிடும்.

சாதாரண வைரஸ் எப்படி வரும்? வெறுங்கையோடு வரும். வீட்டு லிகிதரின் மேசைக்கு முன்னாலே போய் நின்று, “ஐயா, என்ர இந்தப் பக்கத்தையும் ஒருக்காப் பிரதி எடுத்துத் தாங்கோ” என்று கெஞ்சும். கந்தோரிலே நாம் நிற்கிற நிலைதான். இது அப்படி வரவில்லை. எவர் மேசைக்கு முன்னும் நிற்கவில்லை. எவர் முகத்தையும் பார்க்கவில்லை. தன் லிகிதரைத் தன் பெட்டிக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வந்தது. உள்ளே இறங்கும்போதே புத்தகத்தோடு சேர்ந்து அந்த லிகிதரும் இறங்குகிறார். இறங்கின கையோடு எழுதத் தொடங்குகிறார். அவர் எழுதுகிற முற்பக்கங்களிலே ஒன்று என்ன தெரியுமா? இன்னொரு லிகிதரைச் செய்வதற்கான குறிப்பு. முன்னவர் தொடங்கி வைக்கிறார், பின்னவர் தொடர்ந்து எழுதுகிறார். வீட்டுக்காரரின் லிகிதர் பாவம், மூலையிலே கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உலகத்தில் இதை முதலில் கண்டவள் நான் அல்ல. இதன் உறவினர்களைப் பிற நாடுகளிலே கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் நமது கானிலே இருப்பவருக்கும் அந்தக் குணம் உண்டா என்று அறிய வேண்டும் அல்லவா? காசம் வந்தவர்களுக்குக் கொடுக்கிற சிவப்புக் குளிசை ஒன்று உண்டு. அதைக் குடித்தால் சலமும் சிவக்கும். முன் வாங்கிலே தலையாட்டுகிற ஐயாவுக்கு அது தெரியும்போல இருக்கிறது. அந்த மருந்து என்ன செய்கிறது? பற்றீரியாவின் லிகிதருடைய கையைக் கட்டிவிடுகிறது. எழுத ஆளில்லாமல் பற்றீரியா சோர்ந்துபோகிறது. அந்த மருந்தை விட்ட குழாயிலே சாதாரண வைரஸை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கெஞ்சுவதற்கு லிகிதர் இல்லையே. நமது ராட்சதனை விட்டேன். அவன் பெருகினான். கட்டியது வீட்டு லிகிதரின் கையை. இந்த லிகிதரின் கை வேறு மாதிரிக் கை, மருந்துக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை.

தாய்மார்களே, அந்தக் குழாயைக் கையிலே வைத்துக்கொண்டு நான் நின்ற பின்னேரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? நௌஷாட் தம்பியின் கேள்வி ஊருக்குள் நடந்த பிறகு அது. றஞ்சிதா வேலைக்கு வருவதை நிறுத்தி இருந்தாள். அவளுடைய மகள் டினோஜாவுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை பகுதி முகம் சுழித்ததாம். நான் அவளைக் குறை சொல்லவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டும். எவருக்காவது சொல்லியே ஆகவேண்டும். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் வலைக்குள் முகத்தைக் குனிந்துகொண்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த இருவர் ஒழுங்கையை மாற்றிக்கொண்டார்கள். ஐஸ் அறையின் நிழலிலே ஒரு கழுதை நின்றது. எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத நமது மன்னார்க் கழுதை.

அதற்குச் சொன்னேன். “அது எழுதுது. கையைக் கட்டியும் அது எழுதுது” என்றேன்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். அது ஒரு காதை மட்டும் ஆட்டியது. ஆனால் விலகிப் போகவில்லை. அன்றைக்கு இந்த ஊரிலே என்னைக் கண்டு விலகாமல் நின்ற உயிர் அது ஒன்றுதான். சிரியுங்கள், சிரிக்கத்தான் வேண்டும். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

தனிமை எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். நோர்வேயிலே பனிக்காலம் முழுவதும் தனியாக இருந்தவள் அல்லவா? பொய். அது வேறு, இது வேறு. அங்கே என் கதவைத் தட்டாதவர்கள் என்னை அறியாதவர்கள். இங்கே என் கதவைத் தட்டாதவர்கள் என் ஞானஸ்நானத்திலே நின்றவர்கள். அங்கே எவரும் பேசாவிட்டால் மொழி தெரியவில்லை என்று மனதைத் தேற்றலாம். இங்கே என்ன சொல்லித் தேற்றுவேன்? அதற்கு அடுத்த ஞாயிறு பூசையிலே சுவாமி, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். கைகூப்பிக்கொண்டு திரும்பினேன். என் வாங்கிலே நான் மட்டும்தான். முன் வாங்கு திரும்பவில்லை. பின் வாங்கு சுவரைப் பார்த்தது. கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூட வலித்தது.

சுவாமி, நீங்கள் தலை குனியாதையுங்கோ. உங்களைச் சொல்லேல்ல.

அன்று முடிவெடுத்தேன். நானும் அந்த வைரஸைப் போலவே வாழ்ந்துவிடுகிறேன் என்று. அது இன்னொன்றும் செய்கிறது, கேளுங்கள். பற்றீரியாவின் உள்ளே அந்நியரை வெட்டுகிற கத்திரிகள் உண்டு. எவருடைய புத்தகமாவது நுழைந்தால் துண்டு துண்டாக வெட்டிவிடும். இந்த வைரஸ் உள்ளே போனதும் தன்னைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பி, தனக்கென ஓர் அறையையே கட்டிக்கொள்கிறது. கத்திரிகள் வெளியே, புத்தகம் உள்ளே. தன் புத்தகம், தன் லிகிதர், தன் அறை. ஆகா, வாழ்ந்தால் இப்படியல்லவா வாழ வேண்டும் என்று நினைத்தேன். எவரிடமும் கை நீட்டாத வாழ்வு. எவருக்கும் தலை சொறியாத வாழ்வு. ஊர்க் கடைக்குப் போவதை விட்டேன், பேசாலைக்குப் போய்ச் சாமான் வாங்கினேன். தண்ணீரை நானே அள்ளினேன். வானொலியைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொன்னேன். சிலநேரம் எதிர்த்தும் கதைத்தேன், பிறகு அதுவும் அலுத்துவிட்டது. மானம் காத்த மகாராணியாகத்தான் இருந்தேன். ஒருநாள் பேச வாயெடுத்தபோது குரல் கரகரத்தது. எத்தனை நாளாக வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன்.

பிறகு மறுபடி அந்த வைரஸிடம்தான் போனேன். வேறு எவரிடம் போவது? அதன் முந்நூறு பக்கத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இந்தத் தலைக்கனம் பிடித்த விருந்தாளி, இந்த எவரையும் ஏறெடுத்துப் பாராத ராட்சதன், எல்லாவற்றையும் தானே கொண்டு வந்திருக்கிறானா? லிகிதர் இருக்கிறார். சுவருக்குக் கல் இருக்கிறது. காவல் இருக்கிறது. குசினி எங்கே? தேடினேன். இல்லை. இவனிடம் மட்டுமா இல்லை? உலகத்திலே தன் குசினி முழுவதையும் தானே கட்டிக்கொண்டு வந்த வைரஸை இன்றுவரை எவரும் கண்டதில்லை. அவ்வளவு கவனமாகக் கட்டிய அறைக்குள்ளிருந்து அந்த லிகிதர் எழுதுகிற ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது? சுவரைத் தாண்டி வெளியே வருகிறது. வந்து, வீட்டுக்காரரின் குசினி வாசலிலே நிற்கிறது. இதைச் சமைத்துத் தாருங்கள் என்று நிற்கிறது.

எழுதத் தெரிந்தால் போதுமா? எழுதியதை எவர் வாசிப்பது? அறை இருந்தால் போதுமா? அடுப்பு எவர் வீட்டில் எரிகிறது? அவனே வாசலில் நிற்கிறான் என்றால், செபமாலையின் மகள் எந்த மூலைக்கு?

என்ன, மதிலடியில் ஆரோ சொல்லுறியள்? உரத்துச் சொல்லுங்கோ. “அந்த வைரஸ் கடைசியில வீட்டையே உடைச்சுப் போட்டெல்லோ போகும்?” என்று கேக்கிறியளோ? நல்ல கேள்வி. ஓம் தம்பி, உடைக்கும். உடைத்துக்கொண்டு நூறு பிள்ளைகளோடு வெளியே வரும். உவமையை அந்த வாசலோடு நிறுத்திக்கொள்வோம். அது உடைப்பது உங்கள் மீனைப் பழுதாக்குகிறவனின் வீட்டை. நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் கோப்பை கூட உடைக்கமாட்டேன்.

அதற்காக, நாளைக்கே மீன் பழுதாகாது, ஐஸ் வேண்டாம், எல்லாரும் மாடிவீடு கட்டலாம் என்று நான் மேடையிலே பொய் சொல்லவும் மாட்டேன். பலன் வரலாம், வராமலும் போகலாம். இன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாம் மிதித்து நடக்கிற கானிலே, எவரையும் நம்பாமல் தன் லிகிதரைத் தானே சுமந்து வந்த ஓர் உயிர் இருக்கிறது. அது எப்படி எழுதுகிறது என்று நான் அறிய விரும்புகிறேன். கதவு பூட்டியிருக்காது. எவரும் வரலாம், எதையும் கேட்கலாம், நௌஷாட் தம்பியையும் கூட்டி வந்து காட்டலாம்.

எனக்கு அந்த அறை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்லமாட்டேன். ஆனால் பெரியோர்களே, அறையை எனக்கே தந்துவிட்டு, ஒழுங்கையிலே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவீர்களானால், அந்த அறை எனக்கு என்னத்துக்கு? அறையை எடுத்துக்கொண்டு, என்னை மட்டும் உங்களோடு விட்டுவைத்தாலும் நான் பிழைத்துக்கொள்வேன். நான் ஊருக்குத் திரும்பி வந்தது சுவருக்குள் இருக்க அல்ல. கதைக்க வந்தேன். கதை கேட்க வந்தேன். குறை சொல்லுங்கோ, ஏசுங்கோ, வழக்குப் பேசுங்கோ, ஆனால் என்னோடு கதையுங்கோ. தலைநிமிர்ந்து நின்று கேட்கிறேன், இதைக் கேட்பதிலே எனக்கு வெட்கமில்லை.

நேரம் ஆகிறது. உலை வைக்க வேண்டிய உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன். பொறுமையோடு தலைமை தாங்கிய பேதுரு அண்ணை அவர்களுக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட சுவாமி அவர்களுக்கும், வந்தவர்களுக்கும், வர மனமில்லாமலும் வந்தவர்களுக்கும், வெயில் சுட்டும் மதிலைவிட்டு இறங்காதவர்களுக்கும்… ஆர் அது, நடுவில எழும்புறது? தலைவர் அவர்களே, ஒரு நிமிசம். பெண்கள் பக்கத்திலே எவரோ எழும்பி நிற்கிறார்கள்.

றஞ்சிதா.

சொல்லடி. உரத்துச் சொல்லு, எனக்குக் கேட்கேல்ல. ஒலிவாங்கி வேண்டாமோ? சரி, அப்படியே சொல்லு.

…

சபையோருக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். “எடி மாக்கிறட், இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்கிறாள்.

ஒண்டுமில்லையடி. ஞாயிற்றுக்கிழமையில நான் சமைக்கிறேல்ல. ஒரு ஆளுக்கு உலை வைக்க மனம் வராது.

…

பாரை மீன் குழம்பு இருக்கிறதாம். மாப்பிள்ளை பகுதி மத்தியானம் பெண் பார்க்க வருகிறார்களாம். அவர்களோடு ஒரே மேசையிலே இருந்து சாப்பிட என்னை வரட்டாம்.

நில்லடி, நானும் வாறன்.

தலைவர் அவர்களே, வாக்கெடுப்பை நீங்கள் நடத்துங்கோ. கையை உயர்த்துகிறவர்கள் உயர்த்தட்டும், உயர்த்தாதவர்கள் விடட்டும், முடிவை ஆறுதலாகச் சொல்லி அனுப்பினால் போதும். நான் சாப்பிடப் போறன். எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.